வெயில் ஆகாது என்று எழுதிக் கொடுத்தவள்

ரத்தப் பரிசோதனைத் தாளை ராசு இரண்டு முறை படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கத்தில் பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம் இருந்தது. அதையும் விடாமல் படித்தார்.

“வெயில் பத்தலைங்கிறீங்களா டாக்டர்?”

ஆமாம் என்றேன்.

“மதுரையில?”

ஆமாம், மதுரையில்தான் என்றேன்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்ன நேரம் அது. வெயிலுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒத்தக்கடையில், மேலூர் சாலையை ஒட்டி இருக்கிறது என் கிளினிக். வாசலில் போட்ட தகரக் கொட்டகைக்குக் கீழே பிள்ளைகளும் பெற்றவர்களும் வெந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நான், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உடம்பில் வெயில் சத்து குறைவு என்று அதன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பிள்ளையின் பெயர் யாழினி. சாயங்காலம் ஆனால் கால் வலி. அம்மா தைலம் தேய்த்துவிட்டால்தான் தூக்கம். ஒரே வருடத்தில் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று. அப்பாவின் பைக்கிலிருந்து இறங்கியபோது முகம் முழுக்கத் துப்பட்டா, கைக்கு உறை, காலுக்கு சாக்ஸ். வெளியில் தெரிந்தது மூக்குக் கண்ணாடி மட்டும்தான். வெயில் இந்தப் பிள்ளையைத் தொட ஆசைப்பட்டாலும் எங்கே தொடுவதென்று தெரிந்திருக்காது.

பாலில் கலந்து வாரம் ஒரு முறை கொடுக்கப் பொடி எழுதினேன். அதோடு பிள்ளை தினமும் வெளியே போக வேண்டும், நிற்க வேண்டும், ஓட வேண்டும், தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும், அது காலுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது என்றேன். பொடிக்கு ராசு தலையாட்டினார். மற்றதற்கெல்லாம் பதிலாக ஊசி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் உங்களை வெளியே விட மாட்டார்களா என்று யாழினியிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முத்துக்கருப்பன் சார் பிள்ளைகளைப் பக்கத்துக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போவார் என்றாள். செடி, பறவை, பூச்சி எல்லாம் காட்டுவாராம்.

“நீ போகலையா?”

“நான் லெட்டர் பிள்ளை.”

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் இரண்டு வகை என்று அதன் பிறகு தெரிந்துகொண்டேன். கண்மாய்ப் பிள்ளைகள், லெட்டர் பிள்ளைகள். டாக்டர் லெட்டர் கொண்டுவந்தவர்கள் கண்மாய்க்குப் போக வேண்டாம், ஏசி அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். எந்த டாக்டர் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். யாழினி உறை போட்ட விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

பஞ்சபூதங்களில் நான்கு

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், டாக்டர்கள் அடுத்தவர் தவறை மட்டும்தான் எழுதுவீர்களா என்று கேட்டிருந்தார். இந்த வாரம் அவருக்குக் குறை இருக்காது. இது என் தவறு. அதுவும் அச்சடித்த தவறு.

ஆரம்பத்தில் யோக்கியமாகத்தான் இருந்தேன். இளைப்பு உள்ள ஒரு பிள்ளைக்கு, தூசியில் விட வேண்டாம் என்று கையால் எழுதிக் கொடுத்தேன். அது நியாயம். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை தும்மியது, அதற்கும் எழுதினேன். அப்புறம் இனிமேல் தும்மக்கூடிய பிள்ளைகளும் வர ஆரம்பித்தன. ஒரு தாய், கொழுந்தன் கல்யாணம் வைகாசியில் வருகிறது, போட்டோவில் பிள்ளை கறுத்துத் தெரியக்கூடாது என்று ஒளிக்காமல் சொன்னாள். அவள் உண்மை பேசியதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

வெயில் பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று ஒரு தாய்க்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆகும். கையெழுத்துப் போட அரை நிமிடம். வாசலில் கூட்டம் நெருக்கும்போது நான் எதைச் செய்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த அரை நிமிடத்திலும் சிக்கனம் பார்த்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

டோக்கன் கொடுப்பதிலிருந்து ஊசி போடும்போது பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்வது வரை என் கிளினிக்கில் எல்லாமே பாண்டியம்மாதான். தினமும் ஒரே வாசகத்தைத்தானே எழுதுகிறோம், அச்சடித்துவிட்டால் என்ன என்று யோசனை சொன்னது அவள். சரி என்றது நான். இருபத்தைந்து தாள் கொண்ட புத்தகமாக வந்தது. ‘மேற்படி குழந்தைக்கு வெயில், காற்று, தூசி, ஈரம் ஆகியவை ஆகாது. ஆகவே வெளிப்புற வகுப்புகளிலிருந்து விலக்கு அளிக்கவும்.’ பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பஞ்சபூதங்களில் ஆகாயத்தை மட்டும் ஏனோ விட்டுவைத்திருந்தோம்.

யாழினி போன பிறகு அந்தப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எடுத்து வரச் சொன்னேன். இரண்டாவது புத்தகம் பாதி ஓடியிருந்தது. முதல் புத்தகத்தின் முதல் அடிக்கட்டையில் என் மகளின் பெயர் இருந்தது.

அவளும் அதே பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பரீட்சைக்கு முன்னால் ஜலதோஷம். அந்த நேரத்தில் கண்மாய்ச் சேற்றோடு வீட்டுக்கு வர வேண்டாமே என்று எழுதியிருக்கிறேன். ஜலதோஷம் மூன்றே நாளில் போய்விட்டது. லெட்டர் போகவில்லை. எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பாண்டியம்மாவுக்கு மறக்கவில்லை.

“மொதப் போணி நம்ம பாப்பாதானே டாக்டரம்மா” என்றாள், பெருமையாக.

திரைக்குப் பின்னால்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கிளினிக்கை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். முதல்வர் மரியாதையாக வரவேற்று ஏசி அறையைக் காட்டினார். முப்பது நாற்பது லெட்டர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தது. நீர்நிலைகளைப் பற்றிய படம். எந்த நாட்டு ஏரியோ, அதில் எந்த நாட்டு வாத்தோ நீந்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அந்த வாத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் பச்சை தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருந்தது. வெளிச்சம் வந்தால் படம் தெரியாதாம். திரையை லேசாக விலக்கிப் பார்த்தேன். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கண்மாய் கிடந்தது.

முதல்வர் தயக்கத்தோடு ஒரு விஷயம் சொன்னார். கண்மாய் வகுப்பில் மிஞ்சியிருப்பது ஒன்பதே பிள்ளைகள். ஒன்பது பேருக்காக ஓர் ஆசிரியரை அனுப்ப நிர்வாகம் சம்மதிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்த நேரம் கோடிங் வகுப்புக்குப் போகிறது. “உங்க லெட்டரை நாங்க மீற முடியாது இல்லையா டாக்டர்” என்றார். அவர் என்னைக் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த லெட்டரை எல்லாம் நானே ரத்து செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். முக்கால்வாசிப் பிள்ளைகளாவது மாதக் கடைசிக்குள் திரும்பினால் வகுப்பு நடக்கும், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் வேண்டும், பெற்றவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

திரும்பும்போது கேட்டருகே முத்துக்கருப்பன் ஒன்பது பிள்ளைகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். உயிரியல் ஆசிரியர். சட்டை முழுக்க வியர்வை, பேன்ட் முழங்கால் வரை மடித்துவிட்டது, கையில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள். நான் யார் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வகுப்பில் சந்தேகம் கேட்கும் மாணவனைப் போல ஒன்று கேட்டார்.

“மேடம், ஈரம் ஆகாதுன்னா மருத்துவத்துல அது என்ன நோய்ங்க? புள்ளைங்க கேக்குது. எனக்குச் சொல்லத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த வெயிலில் எனக்கு வந்த அவமானத்தை இப்போதும் மறக்கவில்லை.

ஐந்து நாள் கோர்ஸ்

வாயால் சொல்கிற வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் மதிப்பில்லை. முன்பு ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பையனுக்குத் தினமும் அரை மணி நேரம் வெளியே விளையாட்டு என்று மருந்துச் சீட்டிலேயே எழுதினேன். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அவன் அப்பா கேட்டார். முன்னால் என்றேன். ஆறாம் நாள் அம்மா வந்தாள். அஞ்சு நாள் கோர்ஸ் முடிந்துவிட்டது, நிறுத்திவிடலாமா, இல்லை இதைவிடப் பவராக எழுதுகிறீர்களா என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. மருந்தை அஞ்சு நாள் விடாமல் கொடுங்கள் என்று பதினைந்து வருடமாகப் பாடம் நடத்தியவள் நான்தான்.

அதனால் இந்த முறை கவனமாக எழுதினேன். ‘முன்பு கொடுத்த சான்று ரத்து. கண்மாய், வெள்ளிக்கிழமை காலை பதினொன்று, ஒரு மணி நேரம். நிறுத்தாமல் தொடர்ந்து கொடுக்கவும்.’ அச்சடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையால் எழுதினேன். இளைப்புப் பிள்ளையைப் பரிசோதித்துவிட்டு, அவனுக்கு மட்டும் மூச்சுக்கு இழுக்கும் பம்ப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எழுதினேன். முதல் சீட்டை என் மகளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, அப்படியென்றால் எனக்கு இத்தனை நாள் ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு நாள் பூராவும் என்னோடு பேசவில்லை.

பாண்டியம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். ‘டாக்டரம்மா மருந்தை மாத்தியிருக்காக, வந்து சீட்டு வாங்கிக்கங்க’ என்றாள். மருந்து மாற்றம் என்றதும் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். கொழுந்தன் கல்யாணத் தாய்கூட, கல்யாணம் முடிந்துவிட்டது என்று வாங்கிக்கொண்டு போனாள்.

வராதவர் ராசு. அவர் வராததால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வரவில்லை. ராசு கட்டட கான்ட்ராக்டர். பள்ளிக்கு யாழினியோடு ஒரே வேனில் வருகிற பிள்ளைகள் எல்லாம் அவர் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கிறவர்கள். ராசு அண்ணன் அனுப்பினால் நாங்களும் அனுப்புகிறோம் என்று பாண்டியம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் முக்கால்வாசி சேரவில்லை. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

ராசு கேட்டது

அவரே ஒரு நாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்தார். தனியாக வந்தார். முழங்கை வரை சிமென்ட் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன். நாற்காலி அழுக்காகும் என்று நின்றார்.

“எங்கப்பாவும் எங்கம்மாவும் அடுத்தவுக வயல்ல கூலிக்கு நின்னவுக டாக்டர். நானே பன்னெண்டு வயசு வரைக்கும் களை எடுத்திருக்கேன். அம்புட்டு வெயிலையும் நாங்க வாங்கிட்டோம். எம்புள்ளைக்கும் சேத்துத்தான் வாங்கினோம். அவ ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிக்கணும்னுதான் நான் இன்னைக்கும் சாரத்துல நிக்கிறேன். நீங்க ஒரு சீட்டு எழுதி அவளைச் சேத்துல எறக்கச் சொல்றீங்க.”

நான் எலும்பு, கண், ரத்த அளவு என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீங்க வெயில்ல வேலை பாத்திருக்கீங்களா டாக்டர்?”

இல்லை. மேற்கே, சோழவந்தான் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. லீவு நாளில் அப்பா கூட்டிப் போவார். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டே, வரிசையாகக் குனிந்து களை எடுக்கும் பெண்களைப் பார்ப்பேன். தண்ணீர் ஜில்லென்று வரும். சேற்று வாசனை எனக்குப் பிடிக்கும். அந்த வாசனையைப் பற்றி இதே தொடரில் முன்பு ஒரு அத்தியாயம் உருகி உருகி எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகம்கூட எனக்கு நினைவில்லை. முதுகுகள்தான் நினைவிருக்கின்றன.

வெயிலில் வேலை பார்த்ததில்லை என்று ராசுவிடம் சொன்னேன். அவர் சொல்வது நியாயம் என்பதையும், பிள்ளையின் கால் வலியும் நிஜம் என்பதையும் சொன்னேன். இரண்டையும் எப்படிச் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை என்றேன். டாக்டர் தெரியவில்லை என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நானும் என் மகளும் கண்மாய்க்குப் போகிறோம், நீங்களும் யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் நான் மறுபடி லெட்டர் எழுதித் தருகிறேன் என்றேன்.

“பாக்குறேன். வாரேன் டாக்டர்” என்று போய்விட்டார்.

கரையில்

வந்தார். பெரிய கறுப்புக் குடையோடு வந்தார். யாழினி குடைக்குக் கீழே, துப்பட்டா இல்லாமல், ஆனால் சாக்ஸோடும் ஷூவோடும் நின்றாள். குடை அவளுக்கு மட்டும்தான். ராசு வெயிலில் நின்றார்.

கண்மாயில் தண்ணீர் வற்றி நடுவில் ஒரு கிடங்குப் பள்ளத்தில் கொஞ்சம் கிடந்தது. சுற்றிலும் வெடித்த கரம்பை மண். கருவேல மரத்தடியில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். என் மகள் என்னைத் தெரியாதவளைப் போலத் தள்ளி நின்றாள். எதிரே யானைமலை. முத்துக்கருப்பன் பிள்ளைகளை முதலில் சும்மா ஐந்து நிமிடம் தூரத்தில் பார்க்கச் சொன்னார். எதைப் பார்க்க என்று ஒரு பிள்ளை கேட்டது. தூரத்தை என்றார்.

பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். கிடங்கின் ஓரத்தில் முளைத்திருந்த ஒரு புல்லைக் காட்டினார். தாளில் இரண்டு கேள்வி. இந்தத் தாவரத்தின் பெயர் என்ன? இதன் பயன்கள் மூன்று எழுதுக. யாழினி அப்பாவைப் பார்த்தாள்.

“கோரை” என்றார் ராசு.

“இதனால என்ன பயன்ப்பா?”

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு யாழினியிடம் சொல்லாமல் ஆசிரியரிடம் சொன்னார். “எங்கம்மா வயல்ல இந்தக் களையைப் பிடுங்கித்தான் சார் எங்களுக்குக் கஞ்சி ஊத்துச்சு. வெரலு இடுக்குல சேத்துப்புண்ணு. சாகுற வரைக்கும் ஆறல.”

முத்துக்கருப்பன் தாளைப் பார்த்தார். “எங்கம்மா கையும் அப்படித்தாண்ணே. இந்தக் கேள்வி புத்தகத்துல இருந்து எடுத்தது. நான் யோசிக்கல” என்றார். பிள்ளைகளிடம் இரண்டாம் கேள்வியை அடித்துவிடச் சொன்னார். பிள்ளைகள் சந்தோஷமாக அடித்தார்கள். எந்தப் பிள்ளையும் கேள்வி குறைந்ததற்கு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. அடுத்த வெள்ளியிலிருந்து வேன் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். கோடிங் புதன்கிழமைக்குப் போனது. யாழினி அம்மாவின் தைலப் பாட்டில் பிறகு மெதுவாகத்தான் செலவானது. பொடியும் வேலை செய்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நான் அன்றைக்குக் கரையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கேள்வியை அடித்துக்கொண்டிருந்தபோது ராசு என் பக்கத்தில் வந்தார்.

“வரட்டும் டாக்டர். வெயில்ல நிக்கட்டும், பாக்கட்டும், எழுதட்டும். ஆனா எம்புள்ளைய யாரும் குனியச் சொல்லக்கூடாது. அதை எழுதிக் குடுங்க.”

கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, பையின் மேலேயே வைத்து எழுதினேன். ‘கண்மாய்க்குப் போகலாம். வெயிலில் நிற்கலாம். குனியச் சொல்லக் கூடாது.’ கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன். முத்துக்கருப்பன் வாங்கிப் படித்துச் சரி என்றார். என் வாழ்க்கையில் முழுதாக யோசித்துப் போட்ட கையெழுத்து அது.

நிமிர்ந்து பார்த்தபோது குடைக்குக் கீழே யாழினி இல்லை. கிடங்கின் ஓரத்தில் இருந்தாள். ஈரச் சேற்றில் ஒரு நத்தை போய்க்கொண்டிருந்தது போலிருக்கிறது. மூக்குக் கண்ணாடி விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பை மடக்கி, முகம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். முத்துக்கருப்பன் கையில் சீட்டோடு பதறிக்கொண்டு ஓடினார். “யாழினி, நிமிருமா, நிமிரு” என்றார்.

ராசு அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடுங்க சார்” என்றார். “யாரும் சொல்லலையே. அவளாத்தானே குனியுறா.”